சூறாவளிச் சூரன் முதல் இதழை விலை பேசிய கதை

நெட்டூரணியில் அறிவுக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. இருந்த அறிவு செலவாகாமல் அப்படியே இருந்தது, அவ்வளவுதான். அதிலும் சூறாவளிச் சூரன் வாசகர் மன்றத்தில் அது துளிகூடக் குறையவில்லை.

மன்றத்தில் மூன்று பேர். தலைவர் சுடலைக்கண், சைக்கிள் கடைக்காரர். செயலாளர் மிக்கேல், முடி வெட்டுகிறவர். மூன்றாவது ஆள் துணி தேய்க்கும் பலவேசம். அவருக்குப் பதவி ஒன்றும் கிடையாது. ஆனால் சூறாவளிச் சூரன் படக்கதையின் முதல் இதழ் அவரிடம்தான் இருந்தது. காற்றாய்ச் சுழன்று வந்து கெட்டவர்களைத் தூக்கி எறிகிற அந்தப் பச்சைச் சட்டைக்காரனை ஒன்பது வயதில் பார்த்ததிலிருந்து பலவேசம் வேறு எவரையும் முழுசாக நம்பியதில்லை.

அந்தப் புத்தகத்துக்கு வினை, மழை ரூபத்தில் வந்தது.

“ஐப்பசி பொறந்தாச்சு. படுத்தா ஓட்டுல வானம் தெரியுது,” என்றாள் மனைவி செல்லக்கனி. “ஞாயித்துக்கிழமைக்குள்ள ஓடு மாத்த வழியப் பாருங்க. இல்ல, உங்க சூரனைத் தூக்கி ஓட்டையில சொருகிருவேன்.”

பலவேசம் மற்ற இருவரிடமும் ஓடினார். மன்றம் அவசரமாகக் கூடியது. பழைய படக்கதைகளை நல்ல விலைக்கு வாங்குகிற நம்பி சார் என்று ஒருவர் திருநெல்வேலியில் இருப்பது மிக்கேலுக்குத் தெரிந்திருந்தது. சூரன் ஓட்டையில் கிடப்பதைவிட, படித்தவர் வீட்டு அலமாரியில் இருக்கட்டும் என்று பலவேசம் மனதைக் கல்லாக்கிக்கொண்டார். போன் போட்டார்கள்.

“முதல் இதழா!” என்று கூவினார் நம்பி சார். “ஞாயித்துக்கிழமை நானே வர்றேன். அதுவரைக்கும் அதுல கை படவே கூடாது. மடிப்பு, சுருக்கம் இருக்கக் கூடாது. முக்கியமா அட்டை ஒட்டியிருக்கணும். அட்டை இல்லேன்னா பாதி விலைகூடத் தேறாது.”

போனை வைத்ததும் மூவரும் தகரப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

“கை படக் கூடாதுன்னா எப்படி அண்ணாச்சி வெளிய எடுக்க?” என்றார் பலவேசம்.

சுடலைக்கண் யோசித்தார். “கால் படக் கூடாதுன்னு சொன்னாராலே?”

“சொல்லலையே.”

பலவேசம் பெட்டிக்குள் காலை விட்டு, கட்டைவிரல் இடுக்கில் புத்தகத்தைக் கவ்விப் பதமாக வெளியே எடுத்தார். எடுத்த பிறகுதான் மிக்கேல் அலறினார்.

“ஏல, புஸ்தகத்துல கால் பட்டுட்டு! தொட்டுக் கண்ணுல ஒத்திக்கோ!”

பலவேசம் பதறிப்போய்க் கையை நீட்டினார். கை பாதியில் நின்றது.

“கை படக் கூடாதுல்லா?”

மன்றம் திகைத்தது.

“முழங்கையால தொட்டா?” என்றார் மிக்கேல்.

“முழங்கையும் கைதானல. பேர்லயே இருக்கே,” என்றார் தலைவர்.

கடைசியில் பலவேசம் குப்புறப் படுத்து, கண்ணையே கொண்டுபோய்ப் புத்தகத்தில் ஒத்தினார். பாவம் தீர்ந்தது. ஆனால் பெட்டித் தூசி மூக்கில் ஏறியதில், சூரனின் முகத்தில் நான்கு தும்மல் தும்மிவிட்டார். ஈரம் காய்ந்ததும் தாள் அப்பளம் மாதிரி நெளிந்து சுருங்கியது.

சுருக்கம் என்றால் பலவேசத்துக்குக் கவலை ஏது? தேய்ப்புப் பெட்டியில் கங்கு போட்டு, பக்கம் பக்கமாகக் கஞ்சி தெளித்து, சனிக்கிழமை முழுக்கத் தேய்த்தார். ஒரு சுருக்கம் இல்லை. முப்பத்திரண்டு பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டி, புத்தகம் பலகை மாதிரி விறைப்பாக நின்றது.

“இப்பத்தான் வீரன் மாதிரி இருக்கான்,” என்றார் சுடலைக்கண்.

ஞாயிறு காலையில் மிக்கேலுக்கு ஒரு சந்தேகம். “அண்ணாச்சி, அட்டை ஒட்டியிருக்கணும்னாரே. இதுல ஒரு அட்டையும் ஒட்டக் காணோமே.”

“ஊருணியில இல்லாத அட்டையா?” என்றார் தலைவர்.

மூவரும் ஊருணியில் இடுப்பளவு தண்ணீரில் அரைமணி நேரம் நின்றார்கள். கருகருவென்று ஓர் அட்டை வந்தது. வந்தது, மிக்கேலின் கெண்டைக்காலில் ஒட்டிக்கொண்டது. அவர் பிடுங்கப்போனார்.

“தொடாதல!” என்று சத்தம் போட்டார் சுடலைக்கண். “ஒட்டினதைப் பிச்சா பாதி விலை போயிரும்.”

ஆகவே புத்தகத்தைக் கொண்டுவந்து மிக்கேலின் காலோடு சேர்த்துக் கட்டினார்கள். கணுக்காலுக்கு மேலே கட்டுவதால் பாவம் சேராது என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார்.

நம்பி சார் வந்தபோது மிக்கேல் பலவேசம் வீட்டு நாற்காலியில் காலை நீட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“அட்டை நல்லா ஒட்டியிருக்கு சார்,” என்றார் பலவேசம் பெருமையாக.

நம்பி சார் குனிந்து அட்டையையும் காலையும் மாறி மாறிப் பார்த்தார். கட்டை அவிழ்த்துப் புத்தகத்தைத் தட்டிப் பார்த்தார். கதவைத் தட்டுகிற மாதிரிச் சத்தம் வந்தது.

“தமிழ்நாட்டுலயே இது மூணே மூணுதாங்க இருக்கு,” என்றார் அழாத குறையாக. “கோயம்புத்தூர்ல ஒரு டாக்டர்கிட்ட ஒண்ணு. இதோ, என் பையில ஒண்ணு. மூணு இருக்கறதால ஒவ்வொண்ணும் அம்பதாயிரம். ரெண்டே ரெண்டுன்னா லட்சம். ஒண்ணே ஒண்ணுன்னா வச்சதுதான் விலை. ஆனா இந்தக் கோலத்துல… அஞ்சாயிரம் தர்றேன்.”

“குடுங்க சார், போதும்,” என்று முந்திக்கொண்டாள் செல்லக்கனி. சார் பணம் எடுக்கக் கடைத்தெருவுக்குப் போனார். அவள் ஓட்டுக்காரரைக் கூப்பிடப் போனாள்.

மன்றம் தனியாக இருந்தது. அதுதான் வினையாகிப் போயிற்று.

“மூணுன்னா அம்பதாயிரம், ரெண்டுன்னா லட்சம்,” என்று மெதுவாகச் சொன்னார் சுடலைக்கண். “அப்போ மூணுல ஒண்ணு குறைஞ்சா?”

மூவரும் தேய்ப்புப் பெட்டியைப் பார்த்தார்கள். உள்ளே கங்கு கனன்றுகொண்டிருந்தது.

பலவேசத்துக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. “அண்ணாச்சி, சூரனுக்கு வலிக்காதா?”

“பதினாலாம் பக்கத்துல எரிமலைக்குள்ளயே விழுந்து எந்திரிச்சு வாரான். இது அவனுக்கு எம்மாத்திரம்?”

அது நியாயமாகத்தான் பட்டது. உள்ளே போட்டார்கள். கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். சூரன் வரவில்லை. பலவேசம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புகை என்றார்.

நம்பி சார் ஐயாயிரத்தோடு திரும்பினார்.

“சார், விலை ஏறிப்போச்சு,” என்றார் பலவேசம். “இப்ப உலகத்துல ரெண்டுதான் இருக்கு. லட்சத்தை எடுத்து வைங்க.”

சார் பெட்டியைத் திறந்து பார்த்தார். சாம்பலில் ஒரு துண்டுப் பச்சைச் சட்டை கிடந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சற்றுப் பொறுத்துத்தான், தன் பையிலிருக்கும் பிரதி லட்ச ரூபாய் ஆகிவிட்டது அவருக்கு உறைத்தது. அண்ணாந்து பார்த்தார். கூரையில் வானம் தெரிந்தது. எழுந்து, ஓட்டுக்காரரோடு வந்த செல்லக்கனியின் கையில் ஐயாயிரத்தையும் வைத்தார்.

“ஓடு மாத்துங்கம்மா,” என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

பலவேசத்துக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. லட்சம் தராவிட்டால் என்ன, இப்பேர்ப்பட்ட மனுசனைச் சும்மா அனுப்பலாமா?

“சார், உங்க பையில இருக்கறதையும் இங்கிட்டுக் குடுங்க,” என்றார். “அதையும் போட்டுட்டா ஒண்ணே ஒண்ணுல்லா! வச்சதுதான் விலை!”

நம்பி சார் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓட்டம் பிடித்தார். கிளம்பிக்கொண்டிருந்த பஸ்ஸில் தாவி ஏறினார். புழுதிக்குள் பஸ்ஸைத் துரத்திக்கொண்டு, தேய்ப்புப் பெட்டியை உயரத் தூக்கிப் பிடித்தபடி பலவேசம் ஓடினார்.

“பயப்படாதீங்க சார், காசெல்லாம் வேண்டாம்! பெட்டி இன்னும் சூடாத்தான் இருக்கு!”