சபாநடேசன் தேடிய கண்ணாடி

அன்பர்களே, ஒன்று கேட்கிறேன். மழுப்பாமல் விடை சொல்லுங்கள். உங்களுக்கு மிகவும் பிரியமான ஒன்றை நீங்கள் கடைசியாக வெறும் கையால் தொட்டது எப்போது?

சபாநடேசனிடம் இதைக் கேட்டிருந்தால், "கையைக் கழுவிக்கொண்டு வந்து சொல்கிறேன்" என்று எழுந்து போயிருப்பார்.

தாமிரபரணிக் கரையில் இருக்கும் ஒரு சிறிய மடத்தில் அவர் சீடர். மின்வாரியத்தில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி மறைந்த பிறகு அங்கே வந்து சேர்ந்தார். மடத்தின் தலைவி மங்களாம்பிகை அம்மையாருக்கு நாற்பது வயது. சீடரோ அறுபதைத் தாண்டியவர். இவர் அவரை "அம்மா" என்பார். அவர் இவரை "ஐயா" என்பார். இருவருக்கும் அதில் கூச்சம் இருந்ததே இல்லை.

மடத்தின் பொருளறை சபாநடேசனின் பொறுப்பில் இருந்தது. அவர் பொறுப்பேற்ற நாள் முதல் அங்கே ஒரு பொருளுக்கும் சேதம் வந்ததில்லை. உபயோகமும் குறைந்துதான் போயிற்று. ஆர்மோனியத்துக்கு மூன்று உறைகள் தைத்துப் போட்டிருந்தார். வெள்ளிக்கிழமைகளில் அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி, மடித்து வைத்து முடிப்பதற்குள் பதிகம் பாதி பாடியாகிவிடும். விருந்தினர் நாற்காலிகள் கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் தாளோடே இருந்தன. வெயில் காலத்தில் உட்கார்ந்து எழுபவரை அந்தத் தாள் எளிதில் விடாது.

"ஐயா, என் அரிவாள்மணைக்கும் ஒரு உறை தைச்சுக் குடுங்க" என்பாள் சமையல்கட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலம்மாள். "நானும் காய் நறுக்காம நிம்மதியா இருப்பேன்."

"கிண்டல் பண்ணு. பொருளின் அருமை உனக்கு எங்கே தெரியும்?"

"தெரியாதுதான் சாமி. நான் அதை வச்சு வேலை பார்க்கேன்ல!"

இப்படிச் சிரிப்பும் சீண்டலுமாகப் போய்க்கொண்டிருந்த நாட்களில், சபாநடேசனின் தம்பி மகன் குகன் ஒரு பெட்டியோடு மடத்துக்கு வந்தான். பெட்டிக்குள் ஒரு டேப்லெட் இருந்தது.

"நித்திலா அக்கா அனுப்பினா, பெரியப்பா. முகம் பார்த்துப் பேசலாம். எல்லாம் சரி பண்ணி வச்சிருக்கேன். இந்த இடத்தைத் தொட்டாப் போதும், அவளுக்குப் போயிரும்."

சபாநடேசனின் கை நீண்டது. பிறகு தானாகவே பின்வாங்கியது.

நித்திலா அவருடைய ஒரே மகள். பிறவியிலேயே காது கேளாதவள். அவள் கைகளால் பேசுவாள். அவளுக்காகத் தாயும் தந்தையும் கைகளால் பேசக் கற்றுக்கொண்டார்கள். சென்ற ஆண்டு அவளுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. தனியாகப் போய்த் தங்க வேண்டும். "உன்னால் முடியாது" என்று சபாநடேசன் கைகளால் சொன்னார். சாலையைப் பற்றிச் சொன்னார், இரவைப் பற்றிச் சொன்னார், ஊராரைப் பற்றிச் சொன்னார். அவர் கைகள் ஓயவில்லை. நித்திலா கண்களை இறுக மூடிக்கொண்டாள். காதைப் பொத்திக்கொள்ள அவளுக்கு வேறு வழி கிடையாது. அந்த வாரமே புறப்பட்டுப் போனாள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

"தினம் காலைல ஏழு மணிக்கு அக்கா இது முன்னாடி உட்கார்ந்திருப்பா, பெரியப்பா" என்றான் குகன். "ஆனா அவளாக் கூப்பிட மாட்டாளாம். நீங்கதான் கூப்பிடணுமாம்."

"கூப்பிடுகிறேன்பா. முதலில் இதற்கு ஒரு ஸ்கிரீன் கார்டு கண்ணாடி வாங்கி ஒட்டிவிடுகிறேன். வெறும் திரையை எப்படித் தொடுவது?"

டேப்லெட் பெட்டிக்குள் போயிற்று. பெட்டி ஒரு துண்டுக்குள் போயிற்று. துண்டு பீரோவுக்குள் போயிற்று.

சபாநடேசன் நஸீரின் மொபைல் கடைக்கு நடக்கத் தொடங்கினார். ஒவ்வொரு கண்ணாடியாக எடுப்பார், வெளிச்சத்தில் பிடிப்பார், நகத்தால் தட்டுவார், அதன் குணங்களையும் குறைகளையும் விசாரிப்பார், வைத்துவிட்டு வந்துவிடுவார். வாரங்கள் ஓடின.

கடைசியில் ஒருநாள் நஸீர் கும்பிட்டே விட்டார். "சார், கடைக்கு வர்றவங்க உங்களைத்தான் முதலாளின்னு நினைச்சு விலை கேக்காங்க. இந்தாங்க, நாலு தினுசு. நாலையும் கொண்டு போங்க. மடத்துல வச்சு நல்லா யோசிங்க. எது வேணுமோ அதைச் சொல்லுங்க, நானே வந்து ஒட்டித் தாரேன்."

அன்று மாலை சபாநடேசன் நான்கையும் ஒரு தட்டில் அடுக்கிக்கொண்டு அம்மையார் முன் போய் நின்றார். தட்டின் மேல் ஒரு துணி மூடியிருந்தது.

"அம்மா, இவற்றில் எது சிறந்தது என்று எனக்குத் தெளியவில்லை. தாங்கள்தான் சொல்ல வேண்டும்."

அம்மையார் துணியை விலக்கி ஒன்றை எடுத்தார். "இது என்ன செய்யும்?"

"டெம்பர் கிளாஸ், அம்மா. கீழே விழுந்தால் இது உடையும், திரை பிழைத்துக்கொள்ளும்."

"திரை எத்தனை முறை விழுந்தது?"

"இன்னும் விழவில்லை. பீரோவில் இருக்கிறது."

"சரி. இது?"

"எதிரே இருப்பவருக்கு மட்டும் படம் தெரியும். பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்தால் கறுப்பாக இருக்கும்."

"யார் எட்டிப் பார்த்தார்கள்?"

"வேலம்மாள் பார்க்கக்கூடும்."

"நான் அந்தப் பெட்டியைக்கூட முழுசாப் பார்த்ததில்லை!" என்று சமையல்கட்டிலிருந்து குரல் வந்தது.

அம்மையார் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "மூன்றாவது?"

"இது சொரசொரப்பாக இருக்கும். கண் கூசாது, விரல் ரேகையும் பதியாது."

"யாருடைய ரேகை?"

சபாநடேசன் சற்று யோசித்தார். "என்னுடையதுதான். நான் தொடும்போது பதியும் அல்லவா?"

"தொடும்போது பதியும்" என்று ஒப்புக்கொண்டார் அம்மையார். "நான்காவது?"

"இதில் சிறு கீறல் விழுந்தால் தானாகவே ஆறிவிடுமாம், அம்மா."

அம்மையார் அதை மட்டும் கொஞ்ச நேரம் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல சரக்குதான். நான்கும் இங்கேயே இருக்கட்டும். காலையில் சொல்கிறேன்."

மறுநாள் காலைப் பூசை முடிந்தது. எல்லாரும் திருநீறு பெற வரிசையில் நின்றார்கள். சபாநடேசனின் முறை வந்தது. அவர் வழக்கம்போல் குனிந்து, கண்களை மூடி, நெற்றியைக் காட்டினார். சில்லென்று ஏதோ முகத்தில் பட்டது.

கண்ணைத் திறந்தார். அம்மையார் அந்த டெம்பர் கிளாஸை அவர் முகத்தின் மேல் பிடித்திருந்தார். டேப்லெட்டுக்கான கண்ணாடி, நெற்றியோடு நில்லாமல் மூக்கையும் தாண்டி இறங்கியிருந்தது. அதன் மேல் அம்மையார் மூன்று விரல்களால் நிதானமாக, அழகாகத் திருநீற்றை இழுத்துப் பூசினார்.

"ஆயிற்று, ஐயா."

"அம்மா, நெற்றியில் படவே இல்லையே!"

"நெற்றி பத்திரமாக இருக்கிறதே. போதாதா?"

வேலம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "சாமி, அதை அப்படியே ஒட்டிக்கிட்டு வாங்க. அடுப்புப் புகையும் உங்களை ஒண்ணும் செய்யாது!"

வரிசை முழுவதும் சிரித்தது. சபாநடேசனும் சிரித்தார், அந்தச் சிரிப்பின் மூச்சில் கண்ணாடி பனித்து எதிரே இருந்தவர்களெல்லாம் மறைந்து போனார்கள். அவர் சிரிப்பு நின்றது. கண்ணாடியை முகத்திலிருந்து மெல்ல எடுத்தார்.

மற்றவர்கள் திருநீறு பெற்றுக் கலைந்தார்கள். அவர் மட்டும் அங்கேயே நின்றார்.

"அப்படியானால் கண்ணாடியே வேண்டாம் என்கிறீர்களா, அம்மா? பிள்ளை தன் உழைப்பில் வாங்கி அனுப்பிய பொருள். அதைக் காப்பாற்ற நினைப்பது தவறா?"

"வேண்டாம் என்று யார் சொன்னது? இதையே ஒட்டுங்கள், தெளிவாக இருக்கிறது. நஸீரும் பாவம், எத்தனை நாள் உங்களைத் தாங்குவார்?" என்ற அம்மையார், "அந்தத் திரையில் கீறல் விழுந்தால் என்ன செய்யலாம், ஐயா?" என்று கேட்டார்.

"மாற்றிக்கொள்ளலாம்."

"திரையே உடைந்தால்?"

"அதையும் மாற்றித் தருவார்கள். டவுனில் கடை இருக்கிறது."

"இவ்வளவும் தெரிந்த உங்களுக்கு எதற்காக இத்தனை நாள் பிடித்தது?"

சபாநடேசன் தரையைப் பார்த்தார். கையிலிருந்த கண்ணாடியை வேட்டியின் ஓரத்தால் துடைத்தார். அது சுத்தமான பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"தொட்டதும் அவள் வந்துவிடுவாள், அம்மா" என்றார். "என் முகத்தைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு, அன்றைக்கு மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டாள் என்றால்? அதற்கு நஸீரிடம் என்ன இருக்கிறது?"

அம்மையார் உள்ளங்கையை நீட்டினார். "பீரோச் சாவி."

சாவி கை மாறியது. பீரோ திறந்தது. துண்டை அவிழ்த்து, பெட்டியைத் திறந்து, டேப்லெட்டை வெளியே எடுத்தார் அம்மையார். அதன் முகத்தில் ஒரு தூசி இல்லை.

"அவளிடம் முதலில் என்ன சொல்வீர்கள்?"

சபாநடேசன் யோசித்தார். அவருடைய வலது கை மெல்ல எழுந்தது. ஒரு விரல் கன்னத்தைத் தொட்டு, அங்கே சிறிதாகச் சுழன்றது.

"அதற்கு என்ன பொருள்?"

"அவள் பெயர், அம்மா. சிரித்தால் கன்னத்தில் குழி விழும். அவள் அம்மா வைத்த பெயர். இதற்கு மேல் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை."

"இதற்கு மேல் என்ன வேண்டும்?"

அம்மையார் டேப்லெட்டை உயிர்ப்பித்தார். திரையில் வெளிச்சம் வந்தது. வெளிச்சத்தோடு நேரமும் தெரிந்தது. சபாநடேசன் ஓரடி முன்னே வந்தார். விரலை நீட்டினார். விரல் திரைக்கு மேலே, தொட்டும் தொடாமலும் நின்றது.

"அம்மா... ஒன்றும் ஒட்டாமல் இருக்கிறதே. பேசும்போது கை தவறிக் கீழே விழுந்துவிட்டால்?"

அம்மையார் டேப்லெட்டைத் தம் இரு கைகளாலும் ஏந்தி, அவர் முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்தார்.

"விழுந்தால் அந்தப் பழி எனக்கு. கண்ணாடியை நஸீர் நாளைக்கு வந்து ஒட்டட்டும். மணி ஏழாகிவிட்டது, அங்கே உங்கள் பெண் உட்கார்ந்திருக்கிறாள். பேசுவதற்கு உங்களுக்கு இரண்டு கைகளும் வேண்டும். திரையை நான் பிடித்துக்கொள்கிறேன். இன்றைக்கே, இந்த நிமிடமே தொடுங்கள், ஐயா."