செவலைக்கு வந்த சட்டம்

கடலும் மலையும் அரணாக நின்ற ஒரு நாட்டை, முன்னொரு நாளில் விசயகண்டன் என்ற அரசன் ஆண்டுவந்தான். அவன் சபையில் ஆண்டியப்பன் என்றொரு விகடகவி இருந்தான். மழையில் நடுங்கிக் கிடந்த செம்பழுப்புப் பெண் நாயொன்றை ஆண்டியப்பன் ஒருநாள் சபைக்கே தூக்கி வந்துவிட்டான். செவலை என்பதே அதன் பெயராயிற்று.

செவலை வந்தபின் சபையின் முகமே மாறிப்போனது. வழக்குச் சொல்ல வந்து நா வறண்டு நிற்பவர்களின் காலடியில் அது போய்ப் படுக்கும். அவர்களுக்குப் பேச்சு வந்துவிடும். சண்டை போடும் அதிகாரிகளின் நடுவே நின்று கொட்டாவி விடும்; அவர்களுக்கே சிரிப்பு வந்துவிடும். அரசனுக்கும் அதன்மேல் கொள்ளை ஆசை.

பெரிய மந்திரி சடாட்சரருக்குத்தான் வயிறு எரிந்தது. முரசும் கொம்பும் முழங்க அரசன் வரும்போதெல்லாம் செவலை பயந்துபோய்த் தூணருகே சுருண்டு கிடப்பதை அவர் கவனித்து வைத்திருந்தார்.

"அரசே, தங்களைக் கண்டதும் எழாதவருக்கு இச்சபையில் இடமில்லை என்று சட்டம் செய்யுங்கள். மந்திரியென்றும் நாயென்றும் அதில் பேதம் வேண்டாம்" என்றார்.

"அருமையான யோசனை! நாளை முதல் அதுவே சட்டம். எழாதவரும் வெளியே, அவரைக் கூட்டி வந்தவரும் வெளியே!" என்று அரசன் உற்சாகமாகச் சொல்லிவிட்டான். முரசுக்குப் பயந்து செவலை எழாதே என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. வாக்கு வாக்குதானே, முகம் வாடி எழுந்துபோனான்.

ஆண்டியப்பன் தோட்டத்தில் அவனைத் தனியே கண்டான்.

"அரசே, சட்டம் தங்களைக் கண்டு எழச் சொல்கிறது. முரசைக் கேட்டு எழச் சொல்லவில்லையே? நாளை முரசும் முடியும் இல்லாமல் வந்து பாருங்களேன்!"

அரசன் முகம் மலர்ந்துவிட்டது.

மறுநாள் சபை நிரம்பி வழிந்தது. எல்லாரும் முரசொலிக்குக் காத்திருந்தார்கள். ஆண்டியப்பன் மட்டும் ஆசனத்தில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தான். பக்கவாசல் திறந்தது. அழுக்கு வேட்டியும் முண்டாசுமாக, பூக்கூடையைச் சுமந்து ஒருவன் வந்தான். ஒருவரும் அசையவில்லை.

"ஏய், அரசர் வருகிற நேரம்! கூடையை வைத்துவிட்டு ஓடிப் போ!" என்று உட்கார்ந்தபடியே அதட்டினார் சடாட்சரர்.

அவ்வளவுதான், செவலை துள்ளி எழுந்தது! நாலுகால் பாய்ச்சலில் ஓடி அவன் மார்பில் தாவி முகத்தை நக்கியது. கூடை கவிழ்ந்தது, முண்டாசு அவிழ்ந்தது, சிதறிய பூக்களின் நடுவே நின்றவன் அரசன்!

சபை மொத்தமும் தடதடவென்று எழுந்தது.

"இப்போது எழுந்து என்ன பயன், பெரியோர்களே? அரசரைக் கண்டதும் எழுந்தவள் இவள் ஒருத்திதான். சட்டப்படி நீங்கள் எல்லாரும் வீட்டுக்குப் புறப்படலாம்" என்றான் ஆண்டியப்பன்.

சடாட்சரர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "பொறுத்தருள வேண்டும் அரசே!"

"என்ன செய்யலாம் இவரை?" என்று விகடகவியைக் கேட்டான் அரசன்.

"எல்லாரையும் மன்னித்துவிடுங்கள் அரசே. ஆனால், இனி இந்தச் சபையில் வாலாட்டும் உரிமை செவலைக்கு மட்டுமே என்று ஓர் ஆணை போட்டுவிடுங்கள்!"

அரசன் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். தன் முத்துமாலையை ஆண்டியப்பன் கழுத்தில் போட்டான். சிம்மாசனத்தின் பக்கத்திலேயே செவலைக்கு ஒரு பட்டுமெத்தை விரிக்கச் சொன்னான்.

யாரும் கேட்காமலே ஓடிவந்து அதை விரித்தவர் சடாட்சரர்தான்.