சாணி வாசம் இல்லாத பாட்டு

“டீச்சர், என் பாட்டுல சாணி வாசம் அடிக்குது. அதைப் போக்க ஒரு வழி சொல்லுங்க.”

ஓர்லா டீச்சர் பள்ளிக்கூடப் படியில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். டோனல் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றார்.

“எவ்வளவு நாளா அடிக்குது?”

“முப்பது வருஷமா.”

“இப்பத்தான் மூக்குக்குத் தெரிஞ்சுதா?”

“இப்பத்தானே சம்பந்தி வர்றாங்க!”

சம்பந்தி என்ற பேச்சு வந்துவிட்டால் நன்றாக இருக்கிற மனுஷனுக்கும் புத்தி கொஞ்சம் பிசகிவிடும். அயர்லாந்து மட்டும் இதற்கு விலக்கா என்ன?

அது அயர்லாந்தின் மேற்குக் கடலில் ஒரு சின்னத் தீவு. டோனலுக்கு அங்கே கல் சுவர் கட்டுகிற வேலை. சுண்ணாம்பு, சிமெண்ட் எதுவும் கிடையாது. கல்மேல் கல் அடுக்கியே நிறுத்திவிடுவார். கை சும்மா இருக்கிற நேரத்தில் பாட்டு கட்டுவார். பாதிரியாரின் தொப்பி கடலில் பறந்த பாட்டு, பக்கத்துத் தீவுக்கு நீந்திப்போன பசுவின் பாட்டு என்று அவர் கட்டியதெல்லாம் மூன்று தீவுகளில் மனப்பாடம். அச்சில் ஒரு வரி வந்ததில்லை.

ஓர்லா டீச்சரின் கவிதைகள் அச்சில் வந்தவை. தலைநகரான டப்ளினில் அவர் பெயரைச் சொன்னால் தெரியும். வயதில் டோனலுக்கு இருபது வருஷம் இளையவர். ஆனாலும் டோனல் அவரைக் குருவாக ஏற்றுக்கொண்டு நாலு வருஷம் ஆகிறது. டீச்சர்தான் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.

வருகிற சனிக்கிழமை டோனலின் ஒரே மகள் ரோஷீனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை டப்ளின்காரன். மாப்பிள்ளையின் அப்பா ஹெகார்ட்டிக்கு அங்கே பெரிய புத்தகக் கடை. தீவில் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணைக் கொடுக்கிற தகப்பன், விருந்தில் எழுந்து நின்று, தானே கட்டிய பாட்டு ஒன்றைச் சொல்ல வேண்டும். இரவல் பாட்டு செல்லாது.

“சாணி வாசம் இல்லாம ஒண்ணு எழுதியிருக்கேன்,” என்று டோனல் ஒரு காகிதத்தை நீட்டினார்.

டீச்சர் படித்தார். நைட்டிங்கேல் பறவை பாடியது. பளிங்குத் தூண்கள் நின்றன. திராட்சைப் பந்தலின்கீழ் மணமக்கள் உலாவினார்கள்.

“இந்த நைட்டிங்கேல் எப்படிக் கத்தும்?”

“தெரியாது டீச்சர்.”

“கேட்டதில்லையா?”

“எப்படிக் கேக்கறது? அது நம்ம நாட்டுலயே கிடையாதே.”

“அப்ப இந்தப் பாட்டுல யாரு பாடறது?”

டோனல் தலையைச் சொறிந்தார்.

“திராட்சைப் பந்தல்?”

“அது ஒரு அழகுக்கு.”

“நம்ம காத்துல கோழிக்கூண்டே நிக்கறதில்ல. பந்தல் நிக்குதா?”

“டப்ளின்காரங்க இதெல்லாம் கேக்க மாட்டாங்க டீச்சர்.”

டீச்சர் மிச்ச ரொட்டியை அந்தக் காகிதத்தில் பொட்டலம் கட்டினார். அவர் கையில் கொடுத்தார்.

“வழியில பசிச்சா சாப்பிடுங்க.”

நல்லவேளை, வீட்டில் ஒரு நகல் இருந்தது.

*

புதன்கிழமை டோனல் மறுபடி வந்தார். முகத்தில் ஒரு தெளிவு. ராத்திரி சாப்பாடு சரியாக இறங்கியிருக்க வேண்டும்.

“புரிஞ்சுபோச்சு டீச்சர். நான் அயர்லாந்துக்காரன். அயர்லாந்தைப் பத்தித்தான் எழுதணும்.”

டீச்சர் வாங்கிப் படித்தார். பச்சை மலைகள் இருந்தன. மூடுபனி இருந்தது. மூவிலைப் புல், யாழ், குட்டித் தேவதைகள், வாளோடு இரண்டு மன்னர்கள். ஒரு முனிவர்கூட வந்து ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போனார்.

“உங்க வீட்டுல யாழ் இருக்கா?”

“இல்ல. ஒரு அக்கார்டியன் இருக்கு. அதுலயும் எலி கடிச்ச ஓட்டை.”

“தேவதைகள்?”

“கோழிங்கதான்.”

“இது டூரிஸ்ட் வாங்கற போஸ்ட் கார்டு,” என்றார் டீச்சர். “நீங்க ஏன் எழுதறீங்க? கடையில விக்குதே.”

டோனலின் தெளிவு கலைந்தது.

டீச்சர் உள்ளே போய் மேஜைமேல் இருந்த ஒரு கல்லை எடுத்து வந்தார். கடற்கரையில் பொறுக்கியது. வழவழவென்று, நீலமும் வெள்ளையுமாகக் கோடு ஓடி, பார்க்கவே ஆசையாக இருந்தது.

“இதை உங்க சுவத்துல வைப்பீங்களா?”

டோனல் கல்லைக் கையில் வாங்கினார். உருட்டிப் பார்த்தார். எடை பார்த்தார். அந்த ஒரு நிமிஷம் அவர் சம்பந்தியை மறந்துவிட்டார்.

“மாட்டேன்.”

“ஏன்? அழகாத்தானே இருக்கு?”

“அழகு கிடக்கட்டும். கடல் உருட்டின கல்லு டீச்சர். எங்கயும் உக்காராது. ஒரு காத்து அடிச்சா முதல்ல உருளறது இதுதான்.”

“பின்ன எந்தக் கல்லு?”

“அந்தந்த வயல் சுவத்துக்கு அந்தந்த வயல் கல்லு.” டோனலுக்கு உற்சாகம் வந்துவிட்டது. “எங்கப்பா சுவர் கட்டணும்னு நினைச்சே கட்டல, தெரியுமா? உருளைக்கிழங்கு போட மண்ணைக் கொத்துவார். மண்வெட்டியைக் கல்லு தடுக்கும். திட்டிக்கிட்டே தோண்டி எடுத்து ஓரமா வைப்பார். அடுத்த கொத்துல அடுத்த கல்லு. வெச்சு வெச்சு ஒருநாள் நிமிந்து பாத்தா, சுவர்! இந்தத் தீவுல இருக்கற அத்தனை சுவரும் யாரோ ஒருத்தர் வேலையைக் கெடுத்த கல்லுதான்.”

டீச்சர் எழுந்துபோய்ப் பள்ளிக்கூட மணியை அடித்தார்.

‘நான் இன்னைக்கு ரொம்ப நல்லாப் பேசினேன்’ என்று டோனல் நினைத்துக்கொண்டார். பேசியது அவர் காதிலேயே விழவில்லை.

*

வியாழக்கிழமை நாற்பத்தெட்டு வரிகளோடு வந்தார். நாற்பத்தெட்டிலும் கல். கருங்கல், சுண்ணாம்புக்கல், பாசி பிடித்த கல், அப்பாவின் கட்டைவிரலை நசுக்கிய கல். டீச்சர் ஒரு வரி விடாமல் படித்தார்.

“டோனல், சனிக்கிழமை கல்லையா கட்டிக் குடுக்கறீங்க?”

டோனலுக்கு வந்ததே கோபம்! தொப்பியைத் தரையில் வீசினார்.

“போதும் டீச்சர்! மூணு நாளா அலையறேன். நைட்டிங்கேல் எழுதினா நம்ம நாட்டுல இல்லைங்கறீங்க. நம்ம நாட்டை எழுதினா போஸ்ட் கார்டுங்கறீங்க. கல்லை எழுதினா கேலி பண்றீங்க. நிச்சயதார்த்தத்தன்னைக்குச் சம்பந்தி என்னைப் பாத்து, ‘நீங்க கவிஞராமே, எந்தெந்தக் கவிஞர்களைப் படிப்பீங்க’ன்னு கேட்டார். எனக்கு வாயில ஒரு பேரு வரல. என் பொண்ணு பக்கத்துல நின்னு தரையைப் பாத்துக்கிட்டிருந்தா.”

சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தார். சமாளித்துக்கொண்டார்.

“இன்னொரு தடவை அவ தரையைப் பாக்கக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.”

டீச்சர் குனிந்து தொப்பியை எடுத்து, தூசி தட்டி, அவர் கையில் கொடுத்தார்.

“இன்னைக்குக் காலையில யாரையாவது திட்டினீங்களா?”

“என்னது?”

“திட்டினீங்களா, இல்லையா?”

“திட்டினேன். ரோஷீனைத்தான்.”

“கல்யாணப் பொண்ணையா? எதுக்கு?”

“அதை ஏன் கேக்கறீங்க! ஆட்டுக்குத் தழை போட்டுட்டு வந்து, சேறோட பூட்ஸைக் கழட்டி வாசல் நடுவுல போட்டுட்டுப் போயிட்டா. நான் பால் வாளியோட வரேன், தடுக்கி விழுந்து முட்டி பேந்துபோச்சு. பாருங்க இதை. பதினெட்டு வருஷமா சொல்றேன் டீச்சர், ஓரமா வையி, ஓரமா வையின்னு. நாளைக்கழிச்சு கல்யாணம், இன்னும் அந்த வாசல்ல...”

டோனல் நிறுத்தினார்.

திறந்த வாய் அப்படியே இருந்தது.

டீச்சர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பிள்ளைகள் ஏழாம் வாய்ப்பாடு சொல்ல ஆரம்பித்தார்கள்.

*

சனிக்கிழமை விருந்து பள்ளிக்கூடத்திலேயே நடந்தது. அத்தனை பேர் உட்கார அந்தத் தீவில் வேறு கூரை கிடையாது. டப்ளின்காரர்கள் பதினோரு பேர், அலையில் ஆடிய படகில் வந்த மயக்கம் முகத்தில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்க, முன்பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஹெகார்ட்டி. கறுப்புக் கோட்டு, தங்கச் சங்கிலிக் கடிகாரம். மார்பின் குறுக்கே கையைக் கட்டியிருந்தார்.

டோனலின் கோட்டுப் பையில் நைட்டிங்கேல் நகல் இருந்தது. ஒரு தைரியத்துக்குத்தான். எழுந்து நின்றதும் கை தானாகப் பையைத் தொட்டது. டீச்சரைத் தேடினார். டீச்சர் கடைசிப் பெஞ்சில் கேக் தின்றுகொண்டிருந்தார். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

டோனல் காகிதத்தை எடுத்தார். நெற்றி வியர்வையை அதனால் துடைத்துக்கொண்டார். பிறகு சொல்ல ஆரம்பித்தார்.

“மாப்பிள்ளைக்கு ஒரு எச்சரிக்கை.
இவள் பூட்ஸைக் கழற்றி
வாசல் நடுவில்தான் போடுவாள்.
ஒன்று கடலைப் பார்த்திருக்கும்.
ஒன்று குப்புறக் கிடக்கும்.”

தீவுக்காரர்கள் பக்கம் முதல் சிரிப்பு கிளம்பியது. ரோஷீன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

“மழையில் தடுக்கியிருக்கிறேன்.
ஆட்டுக்குட்டியை ஏந்திக்கொண்டு தடுக்கியிருக்கிறேன்.
ஒருமுறை, கொதிக்கும் கிழங்குச் சட்டியோடு.
அன்று நான் பேசிய பேச்சுக்கு
கோழிகள் ரெண்டு நாள் முட்டையிடவில்லை.”

இப்போது டப்ளின் பெஞ்சும் குலுங்கியது. மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தான். பாதிரியார் மேஜையைத் தட்டினார். டோனல் சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்தார். அவருக்கு இப்போது பயம் இல்லை.

“இவள் அம்மா இறந்த வருஷம்
வீட்டுக்குத் திரும்ப எனக்கு மனசில்லை.
கதவைத் திறந்தேன். கால் தடுக்கியது.
உள்ளங்கை நீளம், ரெண்டு பூட்ஸ்.
சரி, வீட்டில் ஆள் இருக்கிறது என்று உள்ளே போனேன்.

நாளை முதல் என் வாசலில் தடை இல்லை.
பால் சிந்தாது. முட்டி பேராது.
நேராக நடந்து உள்ளே போய்விடலாம்.

மாப்பிள்ளை, நீங்கள் திட்டுங்கள்.
வாய் வலிக்கத் திட்டுங்கள்.
எடுத்து ஓரமாக மட்டும்
வைத்துவிடாதீர்கள்.”

உட்காரலாமா என்று தெரியாமல் டோனல் நின்றுகொண்டிருந்தார்.

யாரும் கை தட்டவில்லை. ரோஷீன் தரையைப் பார்க்கவில்லை. கன்னமெல்லாம் ஈரமாக, பல்லெல்லாம் தெரிய, அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முன்பெஞ்சில் ஹெகார்ட்டி எழுந்தார். பள்ளிக்கூடம் முழுக்கக் கரண்டிச் சத்தம் நின்றது. இத்தனை வருஷம் எத்தனையோ கவிஞர்களின் புத்தகங்களை விற்ற மனுஷன். என்ன சொல்லப் போகிறாரோ என்று டோனல் தொப்பியைப் பிசைந்தார்.

ஹெகார்ட்டி தொண்டையைச் செருமினார். மறுபடி செருமினார்.

“எங்க வீட்டு வாசல் கொஞ்சம் அகலம், சம்பந்தி,” என்றார். “சின்னச் சின்னதா இன்னும் நாலு ஜோடி கிடக்கலாம்.”