சி டிரைவ் இல்லாத வீடு

"டீச்சர், என் மகளுக்கு அவ அம்மா வேண்டாம் போல," என்றார் தாசையன்.

மார்த்தாண்டத்தில் சுபைதா நடத்தும் கம்ப்யூட்டர் வகுப்பில் அறுபதைத் தாண்டிய மாணவர் அவர் ஒருவர்தான். சுபைதாவுக்கு முப்பத்து நாலு.

"என்ன ஆச்சு சார்?"

மனைவி ரெஜினாள் இறந்து எட்டு மாதம். அவள் பாட, அவர் பதிவு செய்த நாற்பத்தொரு பாட்டுகள் அவர் போனில் இருந்தன. அவற்றை வீட்டு கம்ப்யூட்டருக்கு மாற்றி, வகுப்பில் கற்றதை வைத்து ஒரு வலைப்பக்கம் செய்தார். பாட்டின் பெயரை அமுக்கினால் அவள் பாடுவாள். எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றி, டொரன்டோவில் இருக்கும் மகள் ஷைனிக்கு லிங்க் அனுப்பினார்.

"மூணு மாசமாச்சு. சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களான்னு கேக்கா. பாட்டைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல."

"நீங்க கேட்டீங்களா?"

"கேட்டு வாங்குற விஷயமா டீச்சர் இது?"

"உங்க வீட்டுல பாடுதா?"

"டெஸ்க்டாப்புல திறந்தா பாடும். அந்த வீட்டுல அது ஒண்ணுதான் சத்தம்."

சுபைதா தன் கம்ப்யூட்டரில் அந்த லிங்கைத் திறந்தாள். ரெஜினாளின் படம் வந்தது. முதல் பாட்டை அமுக்கினாள்.

சத்தம் இல்லை.

பத்தாவதை அமுக்கினாள். அதுவும் இல்லை.

வலைப்பக்கத்துக்கு உள்ளே, பாட்டு இருக்கும் வழியாக அவர் எழுதியிருந்ததைத் திறந்து உரக்க வாசித்தாள்.

"சி டிரைவ். யூசர்ஸ். தாசையன். டெஸ்க்டாப். ரெஜினாள். பாட்டு ஒண்ணு."

"சரியாத்தானே இருக்கு?"

"நீங்க எழுதினது உங்க வீட்டு கம்ப்யூட்டருக்குள்ள போற வழி. இது விண்டோஸ் இல்ல, லினக்ஸ் சார். இங்க சி டிரைவ் கிடையாது. தாசையன்னு யாரும் கிடையாது."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஷைனி வச்சிருக்கது மேக்."

"அங்கயும் கிடையாது."

போனை எடுத்து ஷைனியை அழைத்தார். டொரன்டோவில் அப்போதுதான் விடிந்திருந்தது.

"மக்கா, அந்தப் பாட்டு..."



"தினமும் அமுக்கிப் பாக்கேன்ப்பா. ஒண்ணும் வரல."

"ஏன் சொல்லல?"

"அம்மா குரலை ஏத்த உங்களுக்கு மனசு வரல, வெறும் பேரை மட்டும் எழுதி வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன். அத எப்படிக் கேக்க?"

தாசையன் மூக்கை உறிஞ்சினார்.

"போனை வச்சிராத."

"வைக்கலப்பா."

சுபைதா எழுந்து அவருக்கு இடம் விட்டாள்.

"எங்கேருந்து வழி எழுத டீச்சர்?"

"அந்த வலைப்பக்கம் நிக்கிற இடத்துலேருந்து. பாட்டும் அது கூடவே இருக்கு. நடுவுல போடுற கோட்டை மட்டும் இப்படிச் சாய்ச்சுப் போடுங்க, எல்லா மெஷினுக்கும் புரியும்."

ஒவ்வொரு வரியாக அழித்தார். சி டிரைவ் போனது. டெஸ்க்டாப் போனது. தன் பெயரை நாற்பத்தொரு தடவை அழித்தார். போனில் ஷைனி மூச்சு விடுவது கேட்டுக்கொண்டிருந்தது.

"என் பேரு எங்கயுமே இல்ல இப்ப."

"ஏத்துங்க சார்," என்றாள் சுபைதா.

ஏற்றினார்.

"இப்ப அமுக்கு மக்கா. முதல் பாட்டு."

ஷைனியின் வீட்டிலிருந்து, போன் வழியாக, ரெஜினாள் கேட்டாள்:

"என்னங்க, பதிவாகுதா?"

"ஆகுது," என்றார் தாசையன்.