தாமான் கயிறு

இதை முன்பின்னாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். கேட்டவர் யாராவது படகில் போய்த் தலைகீழாகச் செய்துவிட்டால் அந்தப் பாவம் என்னைத்தான் சேரும். அதனால் நடந்தபடியே சொல்கிறேன்.

என் வீட்டுக்காரருக்குக் கையும் காலும் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. இனி அலையாத்திக் காட்டைத் தாண்டி நான் போய் நண்டு வலை விட்டால்தான் அடுப்பு எரியும். எனக்கு நீச்சல் தெரியாது. பாய் பிடிக்கவும் தெரியாது.

செங்கமலத்திடம் போனேன். என்னைவிடப் பத்து வயது சின்னவள். எங்கள் பக்கத்தில் தனியாகப் பாய் விரித்துப் போகிற பெண் அவள் ஒருத்திதான்.

"நீதான்டி எனக்குக் குரு."

"சரிக்கா. குரு சொல்றேன், முதல்ல ஏறி உட்காரு."

அவள் சுக்கானைப் பிடித்தாள். பாயின் கீழ்முனையிலிருந்து வரும் கயிற்றை என் கையில் கொடுத்தாள். அதைத் தாமான் என்போம். அதை இழுத்தால் பாய் காற்றைப் பிடிக்கும், படகு ஓடும்.

காட்டு ஓடைக்குள் இருந்தவரை மரங்கள் காற்றை மறைத்தன. ஓடை முடிந்ததும் கரையே தெரியாத தண்ணீர். அடியில் ஆளை விழுங்குகிற சேறு. கயிறு வெடுக் வெடுக்கென்று இழுத்தது. என் உள்ளங்கை வேர்த்தது.

அவள் பார்க்காத நேரத்தில் கயிற்றைக் குறுக்குப் பலகையில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினேன்.

"என்னக்கா, கன்னுக்குட்டியையா கட்டிப்போடுற?"

"கை நழுவுதுடி."

அவள் சுக்கானைத் தொடையில் அணைத்துக்கொண்டு குனிந்தாள். என் முடிச்சு நகத்துக்கு அசையவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். உதட்டில் ரத்தம் வந்த பிறகுதான் அவிழ்ந்தது. கயிற்றை மறுபடி என் கையில் வைத்தாள்.

"கட்டாம எப்படிடி? நழுவிட்டா?"

அவள் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கறுத்து எங்களை நோக்கி வந்தது.

காற்று அறைந்தது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து, விளிம்பு தண்ணீருக்குள் போனது. என் மடியில் தண்ணீர். நான் கயிற்றை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன்.

"செங்கமலம்! சாகப்போறோம்! என்ன செய்ய, சொல்லுடி!"

"நழுவும்னுதானேக்கா கையில கொடுத்தேன்!"

விரல்களை விரித்தேன். கயிறு உள்ளங்கையைச் சுட்டுக்கொண்டு ஓடியது. பாய் படபடவென்று அடித்துக் காற்றைக் கொட்டியது. படகு மெல்ல நிமிர்ந்தது.

இருவரும் கையாலேயே தண்ணீரை இறைத்தோம். கிழக்கே தண்ணீர் மறுபடி கறுத்தது.

கயிற்றின் நுனியைத் தேடி எடுத்தேன். கட்டவில்லை. சும்மா பிடித்துக்கொண்டேன்.