காத்தாடிக்கு முன்னால் ஒரு பூப்பாத்தி

உஷ்... உஷ்... உஷ்...

கள்ளிப்பொத்தைக்குப் போகிறவர்களுக்கு ஊர் கண்ணில் படுவதற்கு முன்னால் இந்தச் சத்தம்தான் கேட்கும். ராட்சதன் ஒருவன் சூடான காப்பியை ஊதிக் குடிக்கிறானோ என்று நினைப்பீர்கள். இல்லை, அது கரண்டு எடுக்கிற காற்றாலை. ஊர்க்காரர்களுக்குக் காத்தாடி.

அதன் காலடியில் தங்கப்பழத்தின் டீக்கடை. கன்னியாகுமரி போகிற சுற்றுலா பஸ் எதுவும் அங்கே மனசறிந்து நின்றதில்லை. ஒரு பஸ்ஸாவது நின்றால் கடை பிழைக்கும். இல்லையென்றால் மாமனாரின் உரக்கடையில் மூட்டை தூக்கப் போகவேண்டியதுதான். மாமனாரைத் தெரிந்தவர்களுக்கு அந்தக் கொடுமை புரியும்.

ஒருநாள் டயர் பஞ்சராகி ஒரு பஸ் நின்றது. டிரைவர் ஞானசிகாமணி ஒரு யோசனை சொன்னார்.

"ஹாலந்து தேசத்துக்குச் சனம் அள்ளிக்கிட்டுப் போவுது. எதுக்கு? முன்னால துலிப் பூ, பின்னால காத்தாடி. அதைப் படம் எடுக்கத்தான். நீங்களும் அப்படி வையுங்க, சனிக்கிழமை பத்து நிமிஷம் நிறுத்துதேன்."

துலிப்புக்கு எங்கே போவது? தங்கப்பழமும், மச்சான் பூதலிங்கமும், ஆட்டுக்கார மாசானமும் சிவப்பாகப் பூத்த கோழிக்கொண்டைச் செடிகளைக் கொண்டுவந்து சாலைக்கும் காத்தாடிக்கும் நடுவில் நட்டார்கள்.

"இதைத் துலிப்புன்னு காத்தாடி நம்புமா வேய்?" என்றார் மாசானம்.

"அது ஹாலந்துக்குப் போயிருக்கா?" என்றான் பூதலிங்கம்.

"எங்க போச்சு? நட்ட இடத்துலயே நிக்கி."

"அப்பக் கண்டுபிடிக்காது."

சனிக்கிழமை பஸ் வந்தது. நாற்பது பேர் இறங்கினார்கள். அந்த நேரம் பார்த்துக் காற்று திசை மாறியது. காத்தாடி க்ர்ர்ரென்று தலையைத் திருப்பி, சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

"அய்யய்யோ, பூ பின்னால போயிட்டு!" என்று அலறினான் தங்கப்பழம்.

"இங்கேருந்து பார்த்தா பூ முன்னாலதானே இருக்கு?" என்றார் ஒரு அம்மாள்.

"நீங்க சொன்னா ஆச்சாம்மா? காத்தாடி சொல்லணும்லா!" என்றார் மாசானம்.

மூன்று பேரும் செடிகளை வேரோடு பிடுங்கிக்கொண்டு ஓடி அந்தப் பக்கம் நட்டார்கள். கடைசிச் செடியை நட்டு நிமிரும்போது காற்று பழையபடி திரும்பியது. காத்தாடியும் திரும்பியது. பிடுங்கினார்கள், ஓடினார்கள், நட்டார்கள். க்ர்ர்ர்! மறுபடியும் முதுகு.

டீ கேட்டு வந்தவர்களைத் தங்கப்பழம் கையெடுத்துக் கும்பிட்டான். "கொஞ்சம் பொறுங்க. காத்தாடி ஒரு முடிவுக்கு வரட்டும்."

ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. செல்போனில் படமாக எடுத்துத் தள்ளியது. பத்து நிமிஷம் முடிந்து ஹாரன் அடித்தது.

ஞானசிகாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டே ஜன்னல் வழியாகச் சொன்னார்: "சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்கி. இனிமே தினமும் நிறுத்துதேன். ஆனா எல்லாம் இன்னைக்கு மாதிரியே நடக்கணும். ஒண்ணையும் மாத்திராதீங்க."

பஸ் போனதும் மூன்று பேரும் சேற்றுக் கையோடு உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

"ஒண்ணையும் மாத்தக் கூடாதுன்னுட்டாரே," என்றார் மாசானம். "இன்னைக்கு யாராவது டீ குடிச்சாங்களா?"

"ஒருத்தர்கூட இல்லை," என்றான் தங்கப்பழம்.

பூதலிங்கம் மச்சானின் தோளில் கை வைத்தான். "அப்ப நாளைக்கும் யாருக்கும் குடுத்திராத, மாப்ளே. கடை பிழைக்கணும்."

தங்கப்பழம் சரியென்று தலையாட்டினான். பிறகு எழுந்து போய், பஸ்ஸுக்காக எடுத்து வைத்து யார் வாயும் படாமல் இருந்த நாற்பது கிளாஸ்களையும் வாளியில் போட்டு ஒவ்வொன்றாகக் கழுவ ஆரம்பித்தான்.