நடு நீரில் தலைமான்

வடகோடியில், மலை இடுக்குக்குள் கடல் நீளமாகப் புகுந்து கிடக்கும் ஒரு ஃபியோர்டு. அதன் கரையில் சாமி என்ற பழங்குடி மக்களின் சின்ன ஊர். பனிமான்தான் அவர்களுக்குச் சோறு, துணி, எல்லாம்.

கோடை பிறந்தால் மந்தையை அக்கரை மேய்ச்சலுக்கு நீந்தவிட்டுக் கடத்த வேண்டும். தலைமானின் கழுத்தில் கயிறு கட்டி, படகிலிருந்து ஒருவர் பிடித்துப் போவார். மந்தை பின்னாலேயே வரும். நடுவில் தலைமான் திரும்பினால் போச்சு. மந்தை வட்டமாகச் சுற்றிச் சுற்றி, ஒன்றையொன்று மிதித்து மூழ்கிவிடும்.

போன வருஷம் அந்த ஊர் இளைஞன் நீலாஸின் அண்ணன் பயந்துபோய்ப் பாதியில் படகைத் திருப்பினான். குட்டிகளோடு அவனும் மூழ்கிப்போனான்.

இந்த வருஷம் கயிறு ரிஸ்தின் என்ற பெண்ணின் கையில். நீலாஸைவிட இளையவள், ஆனாலும் இந்த வித்தையில் ஊருக்கே குரு அவள்தான். நீலாஸ் அவளிடம் சீடனாகச் சேர்ந்து, துடுப்புப் போட உட்கார்ந்தான். அடுத்த வருஷம் கயிறு அவன் கைக்கு வரும்.

துடுப்புப் போடுகிறவனுக்கு அக்கரை முதுகுப் பக்கம். அவன் கண்ணில் பட்டதெல்லாம் ரிஸ்தினின் முதுகும், அதற்கப்பால் தண்ணீரில் மிதந்து வந்த கொம்புகளும்தான். அந்த முதுகு ஆடவில்லை, அசையவில்லை. பயம் என்ற ஒன்றையே ஆண்டவன் இவளுக்கு வைக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டான்.

நடு நீரில் மூடுபனி இறங்கியது. இரண்டு கரையும் காணோம். அண்ணன் மூழ்கிய இடம் இதுதான் என்று நினைப்பு வந்ததுமே கை மரத்துப்போய்த் துடுப்பு நின்றது. கயிறு தொய்ந்தது. தலைமான் சீறிக்கொண்டு வந்த வழியே தலையைத் திருப்பியது. பின்னால் குட்டிகள் கத்த ஆரம்பித்தன.

"திரும்பிடலாங்க." குரல் அழுகையாக வந்தது.

ரிஸ்தின் அவனைப் பார்க்கவில்லை. "துடுப்பைப் போடு."

போட்டான். எப்படிப் போட்டான் என்று அவனுக்கே தெரியாது. கயிறு விறைத்தது. தலைமான் மெல்ல முகத்தைப் படகின் பக்கம் கொண்டுவந்தது.

கரையேறிய மான்கள் உடம்பை உதறிக்கொண்டு புல்லைத் தேடிப் போயின. ஒரு குட்டிகூடக் குறையவில்லை. நீலாஸ் ஈர மணலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். அழுது முடித்ததும் கேட்டான்.

"பயப்படாம இருக்க எனக்குச் சொல்லிக்கொடுங்க."

அப்போதுதான் ரிஸ்தின் அவன் பக்கம் திரும்பினாள். கடிபட்ட உதட்டில் ரத்தம் கட்டியிருந்தது. கையை நீட்டினாள். குளிர்க்காய்ச்சல் கண்டவர் கைபோல அது உதறிக்கொண்டிருந்தது.

"உங்களுக்குமா?"

"கரையை விட்டதிலேர்ந்து. மானுக்கு அது எங்கே தெரியும்? கயிறு எந்தப் பக்கம் இழுக்குதுன்னுதான் அது பார்க்கும்."